ஏற்றத்துக்கு முன் தூக்கிய கை

அந்தக் காட்சி படத்தில் இருக்கக் கூடாது என்பதற்காக உத்திராபதி இரண்டு முறை மதராஸ் போய் வந்தார். அரியலூரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து ஸ்டுடியோவுக்கு வழி கேட்டுக்கொண்டே நடந்தார். அதற்கு முன் அவர் மதராஸைப் பார்த்ததில்லை. அந்த இரண்டு தடவையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தங்கை அமிர்தவல்லி அந்தக் காட்சியைப் பார்த்துவிடக் கூடாது. அவள் புருஷன் முத்துசாமி ஓட்டிய கார் ஏரிக்குள் பாய்வது அதில் இருந்தது. அதற்கு முந்தைய நொடியில், முன்னால் போன காரிலிருந்து உத்திராபதியின் வலது கை வெளியே நீண்டு, மேலே போய், இரண்டு முறை அசைவதும் இருந்தது. சாவை அவள் தாங்குவாள் என்று அவருக்குத் தெரியும், ஏற்கெனவே தாங்கியிருந்தாள். கையைத்தான் அவள் பார்க்கக் கூடாது.

உத்திராபதி விக்கிரமங்கலத்துக்காரர். ஒரே வாரத்தில் வாந்திபேதியில் தாயும் தகப்பனும் போனபோது அவருக்குப் பதினேழு வயது, அமிர்தவல்லிக்கு ஆறு. குத்தகை நிலத்தை விட்டுவிட்டுத் தங்கையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் வந்தார். ஒரு பஸ் முதலாளியிடம் வண்டி கழுவினார், பிறகு கிளீனர், பிறகு டிரைவர். கெட்டிக்கார டிரைவர் என்று அவரை யாரும் சொல்லவில்லை. அரியலூர், பெரம்பலூர் என்று ஒரே ரோட்டில் ஒரே வண்டியைப் பத்து வருஷம் ஓட்டிய கவனம் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்கு முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டது அப்படியே நின்றுவிட்டது.

சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் முதலாளியின் இரண்டு பஸ்களுக்கும் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை வந்தது. அதில் அடுப்புக்கரியை நிரப்பிப் பற்றவைத்து, பக்கத்தில் உள்ள விசிறியைக் கையால் கால் மணி நேரம் சுற்றினால் புகை எஞ்சினுக்குப் போகும்; அந்தப் புகையில் வண்டி ஓடும். ஓடும் என்பது ஒரு பேச்சுக்கு. விசிறி சுற்ற ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படி வந்தவன்தான் முத்துசாமி. ஊர் எது என்று கேட்டால், "எந்த ஊர்ல சோறு போடறாங்களோ அந்த ஊர்" என்பான். அப்பன் பெயர் தெரியாது. உத்திராபதி அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார், லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார், நாற்பத்துநாலில் தங்கையையும் கொடுத்தார். இரண்டாவது பஸ்ஸை ஓட்டுவது அவன் வேலையாயிற்று.

கரி பஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் உடனே இழுக்காது. உருளையிலிருந்து புகை வந்து சேர்ந்து எஞ்சினுக்கு உறைக்கச் சிறிது நேரமாகும். ஏற்றத்துக்கு வந்த பிறகு மிதித்தால் பாதியில் நின்றுவிடும்; பாசஞ்சர்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஆகவே ஏற்றம் தொடங்குவதற்கு நூறு கஜம் முன்னாலேயே அடிமட்டம் வரை மிதித்து, மேலே ஏறி முடிக்கும் வரை காலை எடுக்காமல் இருக்க வேண்டும். ஒரு வண்டி நின்றால் மற்றது கட்டி இழுக்கட்டும் என்று முதலாளி இரண்டையும் முன்னும் பின்னுமாக அனுப்புவார். முன்வண்டி கிளப்பும் தூசியிலும் புகையிலும் பின்வண்டி டிரைவருக்கு ரோடு தெரியாது. ஏற்றம் வருகிறது, இப்போதே மிதி என்று முன்னால் போகிற உத்திராபதி கையை வெளியே நீட்டி, தூசிக்கு மேலே தெரியும்படி தூக்கி இரண்டு முறை அசைப்பார். பின்னால் முத்துசாமி கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பான். இரண்டு வருஷத்துக்கு மேல், தினமும் போக இரண்டு தடவை, வர இரண்டு தடவை.

வீட்டிலும் அது விளையாட்டாகிவிட்டது. அமிர்தவல்லிக்குக் கோபம் வரும்போது முத்துசாமி கையைத் தூக்கி இரண்டு முறை அசைத்து, "மச்சான், ஏத்தம் வருது, மிதிங்க" என்பான். அவள் கையிலிருக்கும் கரண்டியை ஓங்குவாள்.

நாற்பத்தாறு மாசியில் மதராஸிலிருந்து ஒரு படக் கம்பெனி பெரம்பலூருக்கு வந்து சத்திரத்தில் தங்கியது. மோட்டார் பந்தயத்தில் யார் ஜெயிக்கிறானோ அவனுக்கு ஜமீன்தார் தன் மகளைக் கொடுப்பதாகக் கதை. கதாநாயகன் வேணுகோபால் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். நாற்பதைத் தாண்டிய அவர் படத்தில் காலேஜ் மாணவர். வில்லனாக நடித்தவர் குஸ்தி பயில்வான். இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. திறந்த கார் இரண்டை மட்டும் எப்படியோ கொண்டுவந்துவிட்டார்கள். கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோல் கொஞ்சம். கொண்டுவந்த டிரைவர்களில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட, மற்றவன் சம்பளத் தகராறில் ரயிலேறிவிட்டான். டைரக்டர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பினார்.

முதலாளி இரண்டு நாள் விட்டுக் கொடுத்தார். உத்திராபதிக்கு வில்லனின் கறுப்புக் கோட்டு. முத்துசாமிக்கு வேணுகோபாலின் பட்டுச் சட்டை, கழுத்துத் துணி, தொப்பி. பின்பக்கமிருந்தும் தூரத்திலிருந்தும் எடுப்பதால் முகம் தெரியாது.

"தம்பி, சட்டையில வேர்வை படாம பாத்துக்க. கிட்டத்துல எடுக்கறப்ப எனக்கு வேணும்" என்றார் வேணுகோபால், குடைக்குக் கீழே உட்கார்ந்து.

"வேர்வை என்னுது, சட்டை ஒங்களுது. தனித்தனியாப் பிரிச்சுக் குடுத்துடறேன் சார்" என்றான் முத்துசாமி.

டைரக்டர் பொறுமையானவர். செட்டிகுளம் போகும் கப்பி ரோடு ஓரிடத்தில் ஏரிக்கரை மேல் ஏறி உடனே இடது பக்கம் திரும்பும். கரை உச்சியில் காமிராவை வைத்திருந்தார்கள். அவர் சொன்னார்: "இருபது மைலுக்கு மேல போகவே வேணாம். காமிராவை மெதுவாச் சுத்துவோம். படத்துல அறுபது மைலாத் தெரியும்."

"அப்ப எங்க பஸ்ஸையும் ஒருக்கா அப்படி எடுத்துக் குடுங்க சார். பாசஞ்சருங்க வாயில வுழுந்து எந்திரிக்க முடியல" என்றான் முத்துசாமி.

எல்லோரும் சிரித்தார்கள். உத்திராபதியும் சிரித்தார். பிறகு டைரக்டரைத் தனியே கூப்பிட்டு, "நான் பெட்ரோல் வண்டியத் தொட்டு மூணு வருஷம் ஆச்சுங்க. அவன் தொட்டதே இல்ல. அரை நாள் சும்மா ஓட்டிப் பாத்துட்டா நல்லது" என்றார்.

"பெட்ரோல் ஏதுங்க? இருக்கறதே படத்துக்குக் காணல. மெதுவாத்தானே போறீங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது. காலையில் முதல் தடவை எடுத்தார்கள். கார்களுக்கிடையில் இருநூறு கஜம் இருந்தது. இரண்டும் மெதுவாக ஏறி, மெதுவாகத் திரும்பின. கரையோரம் நிற்கவைத்திருந்த ஊர் ஜனம் பந்தயத்தைப் பார்க்காமல் காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களைத் திட்டி முடித்துவிட்டு டைரக்டர் சொன்னார்: "பந்தயம் மாதிரியே இல்ல. ரெண்டு வண்டியும் ஒட்டி வரணும். தூசி நல்லா கெளம்பணும்."

ஒட்டி வந்தார்கள். தூசி நன்றாகக் கிளம்பியது. உத்திராபதி கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் செம்மண் படலம் மட்டும் இருந்தது. முத்துசாமி அதற்குள் இருந்தான். முன்னால் ஏற்றம் தெரிந்தது.

உத்திராபதியின் கை வெளியே போனது, உயர்ந்தது, இரண்டு முறை அசைந்தது. தூக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் தூக்கியிருக்க மாட்டார். மனிதன் தன் செயலுக்குத் தானே சொந்தக்காரன் என்று சொல்கிறவர்கள் இந்த மாதிரிக் கையைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. அதைக் கீழே இறக்கியபோதுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குள் முத்துசாமியின் கால் அடிமட்டம் வரை போயிருந்தது. பெட்ரோல் வண்டி காத்திருக்கவில்லை. அது எகிறி ஏற்றத்தை ஒரே தாவலில் கடந்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், கரையின் உள்சரிவில் அடுக்கியிருந்த கருங்கல் மேல் விழுந்தது. மாசி மாதம், ஏரியில் தண்ணீர் இல்லை.

காமிராக்காரர் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. அதுவும் பழக்கம்தான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முத்துசாமி இறந்தான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. போலீஸ்காரர் கேட்டபோது உத்திராபதி, "பிரேக் நிக்கலீங்க" என்றார். அன்று மத்தியானம் அரியலூரில் தங்கை கேட்டபோதும் அதையேதான் சொன்னார். முதல் தடவை வாயில் வந்தது அது; இரண்டாம் தடவை அதை மாற்ற முடியவில்லை. அமிர்தவல்லி அவர் மடியில் தலைவைத்து அழுதாள். "நீ சொன்னா கேட்டுருப்பாரே அண்ணே. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

முத்துசாமிக்கு வேறு சொந்தமில்லை. அவளுக்கும் அண்ணனைத் தவிர யாருமில்லை. அண்ணன் வீட்டுக்கே வந்தாள்.

முதல் தடவை உத்திராபதி மதராஸ் போனபோது படம் இன்னும் வெட்டி ஒட்டப்படவில்லை, பார்க்கலாம் என்று டைரக்டர் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். ஆடியில் இரண்டாம் தடவை போனபோது வேணுகோபாலும் அங்கே இருந்தார்.

"அதை எடுத்துட்டா படத்துல என்னய்யா இருக்கு? பதினாறு பாட்டு இருக்கு. பாட்டைக் கேக்கவா ஜனம் வரும்?" என்றார் வேணுகோபால். "நான் அந்த ஒடைஞ்ச காருக்குள்ளேருந்து எந்திரிச்சு, சட்டையத் தட்டிவுட்டுக்கிட்டு, குதிரைமேல ஏறித் தொரத்தறேன். இங்க செட்டுப் போட்டு எடுத்தாச்சு. அதுக்கு முன்னாடி உள்ளத எடுத்துட்டா நான் எதுலேருந்து எந்திரிக்கறது?"

"எந்தங்கச்சி பாக்கக் கூடாதுங்க. அது சாவுங்க."

டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "வருத்தமாத்தான் இருக்கு. முதல் போட்டவர் வுட மாட்டேங்கறாரு." பிறகு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஒங்க வேலை ரொம்ப நல்லா வந்திருக்கு. நான் சொல்லிக் குடுக்காமயே கையத் தூக்கினீங்களே. பின்னால வர்றவன 'வாடா பாப்போம்'னு கூப்பிடற மாதிரி. பெரிய நடிகனுக்கும் அது தோணாது" என்றார்.

உத்திராபதி வலது கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்தக் கைய மட்டும் எடுத்துட முடியுங்களா?"

"கையும் வண்டியும் ஒரே துண்டுங்க. பிரிக்க முடியாது." டைரக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "ஏன், கையில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

தீபாவளிக்குப் படம் மதராஸில் வந்தது. பொங்கல் கழிந்து அரியலூர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. பாட்டையும் வசனத்தையும் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. படத்தின் பெயரே இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆனால் கொட்டகைக்காரர் சாமிதுரை, பெரம்பலூர்ப் பக்கத்தில் எடுத்த பயங்கர கார் பந்தயம் என்று நோட்டீஸ் அடித்து, மாட்டுவண்டியில் தம்பட்டம் தட்டி விநியோகம் செய்தார். உத்திராபதி அவரைப் போய்ப் பார்த்தார்.

"வெட்ட முடியாதுங்க டிரைவரே. படப்பொட்டி திரும்பிப் போறப்ப கம்பெனிக்காரன் அடிக்கணக்குப் பாப்பான். ஒரு அடி கொறைஞ்சாலும் என் தலை உருளும்" என்றார் சாமிதுரை. அவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. "ஒண்ணு வேணா பண்ணலாம். அந்த எடம் வர்றப்ப ஆபரேட்டர வெளிச்சத்துக்கு முன்னாடி அட்டைய வைக்கச் சொல்றேன். எண்ணிப் பத்து நொடி. ஜனத்துக்கு என்ன தெரியப் போவுது?"

ஜனத்துக்குத் தெரிந்தது. முதல் நாள் திரை இருண்டதும் தரை டிக்கெட்டிலிருந்து மண்ணை வாரி இறைத்தார்கள்.

"யோவ் சாமிதுரை, எங்க ரோட்டக் காட்டுய்யா!"

"நான் கரையில நின்னேன்டா, என் மூஞ்சிய மறைக்கறியே!"

"பாட்டுக்கு அட்டைய வையி! அதுக்கு வேணா காசு தரோம்!"

பெஞ்சு ஒன்று உடைந்தது. மறுநாளிலிருந்து அட்டை இல்லை.

உத்திராபதி வீட்டில் படத்தைப் பற்றிப் பேசவில்லை. அமிர்தவல்லியும் பேசவில்லை. கிணற்றடியில் பெண்கள் பேசுவது அவள் காதில் விழாதா என்று அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்ததற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. நான்காம் நாள் அந்தி சாயும் நேரம் பெரம்பலூரிலிருந்து திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "எங்க வீட்டுப் பஞ்சவர்ணத்தோட கொட்டகைக்குப் போயிருக்கு" என்றார்.

அவர் போனபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போகவில்லை. பெண்கள் பக்கத்துக் கீற்றுத் தட்டிக்கு வெளியே நின்றார். பாட்டு முடிந்தது. மோட்டார்ச் சத்தம் வந்தது. மதராஸில் சேர்த்த சத்தம், உண்மையில் அந்தக் கார் அப்படிச் சத்தம் போடவில்லை. சீட்டி அடித்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு. காமிராவை மெதுவாகச் சுற்றியதால் கார் பாய்ந்தது வெட்டுக்கிளி துள்ளுவது போல் இருந்ததாம். உள்ளே இருந்தவர்கள் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். அடுத்து பலத்த கைதட்டல். வேணுகோபால் எழுந்திருக்கிறார், சட்டையைத் தட்டிவிடுகிறார் என்று உத்திராபதிக்குப் புரிந்தது. அமிர்தவல்லி பாதியில் எழுந்து வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முடியும் வரை இருந்து, கூட்டத்தோடு வந்தாள். அண்ணனைப் பார்த்தாள். பஞ்சவர்ணத்தோடு பேசிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலையில் அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அண்ணே, பிரேக் நிக்கலன்னு சொன்னியே."

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பிரேக்குக்கு அவரு போவவே இல்ல. அவரு மிதிச்சது வேற. நீ மிதிக்கச் சொன்ன, அவரு மிதிச்சாரு."

"வேணும்னு செய்யல அமிர்தம். பழக்கத்துல..."

"அது எனக்குத் தெரியாதா? எத்தனை வாட்டி பாத்துருக்கேன் அந்தக் கைய." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒன்னயத் திட்டியிருப்பேன். மண்ண வாரித் தூத்தியிருப்பேன். அப்பறம் ஒன் மடியிலயே அழுதுருப்பேன். அழுததெல்லாம் அழுதாச்சு. இப்ப என்ன செய்யச் சொல்ற என்னை?"

 அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தூக்குவாளியை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவரிடம் அவள் தேவைக்கு மேல் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். விட்டுப் போக அவளுக்கு இடமில்லை, அவளை அனுப்ப அவருக்கும் இடமில்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்கு அதுதான் காரணம். பாசம் என்று சொல்வது அவர்களைப் பற்றிப் பொய் சொல்வதாகும்.

அரியலூரில் படம் இன்னும் ஆறு நாள் ஓடியது. ஆறு நாளும் அவள் போனாள். முத்துசாமியைப் போட்டோ எடுத்ததில்லை. எடுக்க நினைத்ததுமில்லை. இப்போது அவன் இருந்தது அந்த ஒரு துண்டில் மட்டும், அதுவும் முதுகு. இதைக்கூட அவள் யாரிடமும் சொல்லவில்லை; பஞ்சவர்ணம் ஊகித்துச் சொன்னது.

படப்பெட்டி அரியலூரிலிருந்து திருமானூருக்குப் போனது. அந்த மாதம் முதலாளி உத்திராபதியைத் திருமானூர் ரூட்டில் போட்டிருந்தார். பெட்டி போன அன்று மாலை பஸ் கிளம்பும் நேரத்தில் அமிர்தவல்லி வந்து, கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள சீட்டு அது.

கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் நாலைந்து பேர் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவன் முன்னால் குனிந்து, "டிரைவரண்ணே, அந்தக் கறுப்புக் கோட்டு நீங்கதானாமே? கண்டக்டரு சொல்றாரு" என்றான்.

"ஆமா" என்றார் உத்திராபதி.

"நெசமாவே ஒருத்தன் செத்துட்டானாமே அதுல?"

"ஆமா."

"யாரு அது? நம்ம பக்கத்து ஆளா?"

பின் சீட்டிலிருந்து ஏதாவது குரல் வருமென்று அவர் எதிர்பார்த்தார். வரவில்லை. "ரோட்டப் பாத்து ஓட்ட வுடுய்யா" என்று கண்டக்டர்தான் அவனை அதட்டி உட்காரவைத்தார்.

திருமானூரில் அவள் இறங்கிக் கொட்டகைப் பக்கம் நடந்தாள். பஸ் கால் மணி நேரத்தில் திரும்ப வேண்டும். படம் விடும் வரை நிற்க முடியாது. அவள் திரும்பி வருவதற்கு மறுநாள் காலை முதல் பஸ்தான் இருந்தது. அதையும் அவர்தான் ஓட்டினார்.